ராக்கு கேட்ட கேள்வி

அன்புள்ள அம்மாவுக்கு,

கயல் எழுதுகிறேன். நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? மலையில் சிக்னல் கிடைப்பதில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் சுகாதாரப் பணி பார்க்கும், சுருளிப்பட்டிக்கு மேலே உள்ள பளியர் பழங்குடிக் குடியிருப்பில் ராக்கு என்ற கர்ப்பிணி, பிரசவத்துக்குக் கம்பம் ஆஸ்பத்திரிக்கு வர மறுத்தாள். எதிரே உட்கார்ந்து மூன்று வாரம் காரணம் கேட்டேன். கேட்கும்போதெல்லாம் அவள் வேறு வேலை பார்க்க எழுந்துவிடுவாள். ஆஸ்பத்திரிப் படிவத்தில் ‘விருப்பமில்லை’ என்று எழுதவிருந்தேன். பிறகு ஒருநாள் குடியிருப்புப் பெண்களோடு வள்ளிக்கிழங்கு தோண்டப் போனேன். லேசாகச் சறுக்கி விழுந்தேன், பயப்படாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கிழங்கில் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்த ராக்கு தானாகவே கேட்டாள்.

“மேலுக்கு முடியலைன்னா ஒங்க கூட யாரு இருப்பாகக்கா?”

“யாருமில்லை” என்றேன்.

“எங்க சனத்துல பிள்ள பெறயில நாலு பொம்பளைக சுத்தி இருப்பாக. அங்கன என்னையத் தனியாப் போட்டுருவாகளே.”

அவள் பயந்தது ஊசிக்கல்ல என்று அப்போதுதான் புரிந்தது. ஆஸ்பத்திரி நர்ஸிடம் பேசினேன். ராக்குவின் அத்தையும் அக்காவும் கூட இருக்க அவர் சம்மதித்தார். நேற்று எல்லோரும் ஜீப்பில் போனோம். பெண் குழந்தை, இருவரும் நலம்.

என் கம்பளிப் போர்வையும் கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாயும் வேண்டும். பார்சலில் அனுப்பாதீர்கள். நீங்களே கொண்டுவந்து இரண்டு நாள் என்னோடு இருங்கள். தபாலைக் கொண்டுபோகும் ஜீப் கிளம்பப் போகிறது.

உங்கள்
கயல்