எடுத்துவிடுவார்

12 ஆகஸ்டு 1931, புதன். ஜொகூர் பாரு.

சிம்பாங் ரெங்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் முனியனுக்குச் சுண்டுவிரல் உள்ளங்கையோடு மடங்கி இறுகிவிட்டது. இனி நிமிராது, வெட்டிவிடலாம் என்றார் துரை டாக்டர். அதைத் தமிழில் சொல்வது ஆஸ்பத்திரியில் கட்டுப்போடும் டிரெஸ்ஸரான என் வேலை. வெட்டுவது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"தொரை எடுத்துடுவாரு" என்றேன்.

"சுளுக்கு எடுக்கிற மாதிரிதானேங்க? எடுக்கச் சொல்லுங்க."

அவன் தப்பாகப் புரிந்துகொண்டது தெரிந்தும் நான் திருத்தவில்லை. கைநாட்டு வாங்கிக்கொண்டேன். நேற்று மயக்கம் கொடுத்து விரலை வெட்டியாயிற்று.

இன்று மாலை, கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினான்.

"நிமுந்திருச்சுங்க ஐயா. உள்ளாற நீட்டுறது எனக்கே தெரியுது."

தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். நாளைக் காலை அந்தக் கட்டை அவிழ்க்கப்போவதும் நான்தான்.