பூஜைக்கு மாற்றிய ட்யூப்லைட்

என் கௌரிக்குட்டிக்கு,

டெங்கு உன்னைக் கொண்டுபோன பிறகு எலி அறைப் பக்கம் போகவே பிடிக்கவில்லை. ஆராய்ச்சியை முடிக்க வேண்டுமே, அதனால் போகிறேன். உன் மேசையை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இன்று நல்ல சேதி எதுவும் இல்லை. உன் எலிச் சோதனையைக் கட்டுரையாக அனுப்ப நம் கைடு சார் தயாராகிவிட்டார். முதல் பெயர் உன்னுடையது, அடுத்தது என்னுடையது. உனக்கு அஞ்சலியாம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன், பொறுத்துக்கொள். பாதி வெளிச்சமும் பாதி இருட்டுமான பெட்டியில் எலியை விடுவோம். பயந்த எலி இருட்டில் ஒண்டிக்கொள்ளும். பயம் போக்கும் மருந்து வேலை செய்தால் வெளிச்சத்தில் உலாவும். ஆனால் வெளிச்சம் கூடினால் பயமும் கூடும், அதனால் எல்லா எலிக்கும் அது ஒரே அளவாக இருக்க வேண்டும்.

கரைத்த மருந்து கெட்டுவிடும் என்று, மருந்து கொடுத்த எலிகளை ஆயுத பூஜைக்கு முன்பே முடித்துவிட்டாய். ஒப்பிட்டுப் பார்க்க வெறும் உப்புநீர் ஊசி போட்டவை பூஜைக்குப் பிறகு. நடுவில் அறையைக் கழுவி மாவிலை கட்டியவர்கள், நல்ல நாளில் பளிச்சென்று இருக்கட்டும் என்று மங்கலான ட்யூப்லைட்டைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டிவிட்டார்கள். உப்புநீர் எலிகள் இருட்டை விட்டு அசையவில்லை. மருந்து ஜெயித்துவிட்டதென்று சார் லட்டு வாங்கிக் கொடுத்தார்.

வெளிச்சம் அளக்கும் லக்ஸ் மீட்டருக்கும் பொட்டு வைத்திருந்தார்கள். நீதான் சந்தனத்தைத் துடைத்துவிட்டு அதைப் பெட்டிக்குள் வைத்து அளந்தாய்.

“அக்கா, இது மருந்து இல்ல, ட்யூப்லைட்டு. எல்லாத்தையும் திரும்பச் செய்யணும்,” என்றாய். அந்த வாரமே படுத்துவிட்டாய்.

சாரிடம் சொன்னேன். “செத்துப்போன பொண்ணுக்கு ஒரு மரியாதை பண்றோம்மா. இதுல போய் வெளிச்சம் கிளிச்சம்னுகிட்டு,” என்றார். நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். அது இல்லாமல் கட்டுரை போகாது. அவர் முகம் கறுத்துவிட்டது. என் படிப்பும் அவர் கையில்தான் இருக்கிறது.

அதைவிடக் கொடுமை குருசுக்குப்பத்தில், உன் வீட்டில். வெளிநாட்டுப் பத்திரிகையில் மகள் பெயர் வரப்போகிறது என்று சார் முன்பே உன் அம்மாவிடம் சொல்லிவிட்டார். அம்மா தெருவெல்லாம் சொல்லியாயிற்று. அந்தக் கட்டுரையை உன் போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்ட ஆணிகூட அடித்து வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். மீன் அலசிக்கொண்டே கேட்டார்கள்.

“எம் பொண்ணு பேரு முன்னாடி வருது, உம் பேரு பின்னாடி வருது. அது உனக்குப் பொறுக்கல. எழுந்து போ.”

நீயே சொன்னதுதான் என்றேன். நம்பவில்லை. எப்படி நம்புவார்கள்? அழுதுகொண்டே கடற்கரைச் சாலை வரை நடந்தேன். பேசாமல் கையெழுத்துப் போட்டிருக்கலாமோ, கௌரி? ஒரு தாய்க்கு ஆறுதல் கிடைத்திருக்குமே. கோபமாக வருகிறது, உன்மேலும்தான். அளக்காமல் விட்டிருக்கக் கூடாதா?

புது எலிகளுக்கு அனுமதி கேட்டிருக்கிறேன். கடைசியில் அவற்றையும் கொல்லத்தான் வேண்டும், அந்தப் பாவம் என்னோடு. ஒவ்வொரு எலிக்கும் முன்னால் வெளிச்சத்தை அளப்பேன். மருந்து தோற்றால் தோற்றது என்றே எழுதுவேன். அப்போதும் உன் பெயர்தான் முதலில் வரும். என் பெயரைப் போட மாட்டேன். அச்சானதும் அம்மா கையில் கொண்டுபோய்க் கொடுப்பேன், என் பெயர் அதில் இருக்கிறதா என்று யாரையாவது விட்டுத் தேடிப் பார்க்கட்டும்.

இப்போதும் உன் அக்காதான்,
வசந்தி