தவளைக் கட்சியின் தலைவிக்கு

இன்று காலை எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் செடிப் பைகளுக்கு வெயில் படாமலிருக்க, நனைந்த கோணிச்சாக்கு ஒன்றை இழுத்துவந்து என் அறை வாசலில் போட்டார்கள். ஈரச் சாக்கின் அந்தப் புளித்த வாசனை உள்ளே வந்ததும் வருகைப் பதிவேட்டை மூடிவிட்டேன். எழுந்து வெளியே போனேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். மறுபடியும் எழுந்தேன். "எதையாவது தேடுறீங்களா டீச்சர்?" என்று ஒரு பெண் கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன்.

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குச் செய்தி வந்தது. உன்னிடம் நேரில் சொல்ல வேண்டியதை இனி இப்படித்தான் சொல்ல முடியும்.

போன வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளியில் நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் சேர்ந்து ஒரு சுற்றுச்சூழல் மன்றம் ஆரம்பித்தார்கள். அவர்களாகவே ஆரம்பித்தது. வாய்க்கால் கரையில் மரம் வைப்பது, பாலிதீன் பை இல்லாமல் வருவது என்று அவர்களே எழுதி ஒட்டினார்கள். தலைமையாசிரியர் என்பதால் என்னைப் பேசச் சொன்னார்கள். நம் தவளைக் கட்சியைப் பற்றிச் சொன்னேன். பதினொரு உறுப்பினர்கள், நோட்டு அட்டையில் செய்த பச்சைக் கொடி, நாம் தோண்டிய குழி, நான் எழுதிய மனு எல்லாவற்றையும் சொன்னேன். "நான்தான் செயலாளர்" என்றேன். கைதட்டினார்கள். அந்த இடத்தில் பேச்சை முடித்துக்கொண்டேன். முடிக்கக் கூடாத இடம் அது என்று எனக்குத் தெரியும். அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

நாம் ஐந்தாம் வகுப்புப் படித்த அந்த வருடம் குறுவை அறுப்புக்குக் கூலி கூட்டிக் கேட்டு உங்கள் கீழத்தெரு முழுக்க வேலைக்கு வர மறுத்துவிட்டது. எங்கள் தெருக்காரர்கள் வெளியூரிலிருந்து ஆள் இறக்கி அறுத்துக்கொண்டார்கள். சம்பா நடவுக்கும் உங்களை யாரும் கூப்பிடவில்லை. ஊர் இரண்டாகக் கிடந்தது. ஆனால் பள்ளிக்கூடம் ஒன்றுதான். வாசலுக்கு உள்ளே நீ என்னை "நீ, வா, போ" என்பாய். வாசலைத் தாண்டி ரோட்டில் கால் வைத்ததும் "நீங்க" ஆகிவிடும். யாரும் சொல்லித்தரவில்லை. சட்டென்று மாறும். அது எனக்கு அப்போது விளையாட்டாகக்கூட இருந்தது.

வேலையில்லாத அந்த மாதங்களில்தான் தவளை வாங்குகிற வேன் வர ஆரம்பித்தது. கால்களை மட்டும் வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்களாம். உங்கள் தெரு ஆண்கள் வயல்களில் இறங்கிப் பிடித்து, ஈரச் சாக்குகளில் கட்டிப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருந்த பாழடைந்த மோட்டார் கொட்டகையில் வைப்பார்கள். ஒரு காலையில் நாம் இரண்டு பேரும் அந்தப் பக்கம் போனோம். கால் வெட்டப்பட்ட தவளைகள் தரையில் குவிந்து கிடந்தன. நான் கண்ணை மூடிக்கொண்டேன். நீ குந்தி உட்கார்ந்து பார்த்தாய். "இது இன்னும் மூச்சு விடுது" என்றாய். கொஞ்ச நேரம் கழித்து, "எங்கப்பாவும்தான் புடிக்குது" என்றாய்.

அன்று மதியம், சத்துணவு சாப்பிட்ட தட்டைக் கழுவும்போதே கட்சி தொடங்கிவிட்டாய். ஊரெல்லாம் கரைவேட்டியும் கட்சிக்கொடியுமாக இருந்த காலம். நமக்கும் கட்சி என்றுதான் பெயர் வைக்கத் தெரிந்தது. பெரியவர்கள் யாரையும் சேர்க்கக் கூடாது என்பது நீ போட்ட முதல் சட்டம். சமையல் கொட்டகைக்குப் பின்னால், தட்டு கழுவும் தண்ணீர் ஓடுகிற இடத்தில் குழி தோண்டினோம். மழை விட்டு, வண்டித் தடங்களில் தேங்கிய தண்ணீர் வற்றும்போது அதில் துடிக்கிற தலைப்பிரட்டைகளைச் சாப்பாட்டுத் தட்டில் அள்ளிவந்து குழியில் விட்டோம். "கொசு வரும், மூடுங்கடா இத" என்று சார் சத்தம் போட்டார். நீ பயப்படவில்லை. "கொசுப் புழுவ இதுங்க தின்னுடும் சார்" என்றாய். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

மனு எழுதலாம் என்றது நான். கையெழுத்து அழகாக இருக்கும் என்ற கர்வம். "எங்கள் ஊரில் தவளை பிடிப்பதைத் தடுத்து நிறுத்துமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்" என்று எழுதி, மேலே தலைவர் என்று உன் பெயரும், தாளின் அடியில் செயலாளர் என்று என் பெயருமாகக் கையெழுத்துப் போட்டோம். நீ போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாய். "வச்சிரு. குடுத்துடாத. மொதல்ல எங்க தெருவுல பேசிப் பாக்குறேன்."

நீ பேசினாய். பத்து வயதில் ஒரு தெருவிடமே பேசினாய். மறுநாள் வந்து, உன் அப்பா கேட்டதை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினாய்: "தவளைக்குப் பாவம் பாக்குறியே, உன் தம்பி வயித்துக்கு யாரு பாவம் பாக்குறது?" அதற்கு நீ சொன்ன பதிலையும் சொன்னாய்: "முட்ட போடுற மாசம் மட்டும் விட்டுடுப்பா. இல்லன்னா அடுத்த வருசம் புடிக்க ஒன்னும் இருக்காது." அவருக்கு அது நியாயமாகப் பட்டிருக்கிறது. அவர் போய் இன்னும் நான்கு வீட்டில் சொல்லியிருக்கிறார். அமாவாசை கழித்து எல்லோரும் நிறுத்திவிடுவதாகப் பேச்சு. உன் முகத்தில் அன்று இருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

வீட்டில் அப்பா பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். பயிரில் பூச்சி அதிகம், மருந்து அடித்து மாளவில்லை என்று யாரிடமோ அலுத்துக்கொண்டிருந்தார். தவளை போனதால்தான் பூச்சி என்று நான் சொன்னேன். அவர் ஆச்சரியமாகத் திரும்பிப் பார்த்தார். அப்பா என்னைத் திரும்பிப் பார்ப்பது அபூர்வம். பையிலிருந்த மனுவை எடுத்து நீட்டிவிட்டேன்.

"நீயாம்மா எழுதின?"

"ஆமாம்ப்பா."

இரண்டு முறை படித்தார். உன் பெயரில் விரல் வைத்து, இது யார் மகள் என்று கேட்டார். சொன்னேன். "பேஷ்" என்றார். பிறகு தாளின் அடிப்பகுதியை மடித்து, நகத்தால் நீவி, என் பெயர் இருந்த துண்டை மட்டும் நேராகக் கிழித்தார். "நம்ம பேரு இதுல எதுக்கு? அவங்க தெருப் பொண்ணே எழுதியிருக்கு. அது போதும்." கிழித்த துண்டை என் கையில் கொடுத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு மனுவோடு கிளம்பினார். நான் "அப்பா, வேணாம்" என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை போலீஸ் வண்டி வந்தது. அடுத்தவர் வயலில் அத்துமீறி இறங்கியதாகச் சொல்லி மூன்று பேரை ஏற்றிக்கொண்டு போனார்கள். அதில் ஒருவர் உன் அப்பா. அதோடு கூலிப் பேச்சும் படுத்துவிட்டது. ஸ்டேஷனிலிருந்து ஆளை வெளியே கொண்டுவருவதே உங்கள் தெருவுக்குப் பெரிய பாடாகிவிட்டது. பழைய கூலிக்கே வேலைக்கு இறங்கினார்கள்.

நீ பள்ளிக்கூடத்துக்கு வந்தாய். வாசலுக்கு உள்ளே, மணி அடிக்கிற தண்டவாளத் துண்டுக்குப் பக்கத்தில் நின்று கேட்டாய்.

"யாரு குடுத்தா?"

"தெரியல."

"பையிலதான வச்சிருந்த?"

"காணாப்போச்சு."

நீ என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாய். பிறகு "ம்" என்றாய். அவ்வளவுதான். அந்த "ம்"மை நாற்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அதன் பிறகு உங்கள் தெருவில் எல்லோரும் உன்னைத்தான் காட்டிக்கொடுத்தவள் என்றார்கள். அடிபம்பில் நீ குடம் வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை நகர்த்திக்கொண்டார்களாம். உங்கள் தெருப் பிள்ளைகள் குழிப் பக்கம் வருவதை நிறுத்தினார்கள். எங்கள் தெருப் பிள்ளைகளும் நிறுத்தினோம். நீ மட்டும் தினமும் தட்டில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினாய். ஒரு நாள் தூறலில், நகத்தளவு தவளைக் குஞ்சுகள் குழியிலிருந்து ஏறி வரிசையில்லாமல் தத்திப் போனதை வகுப்பு ஜன்னலிலிருந்து பார்த்தேன். நீ பக்கத்தில் நின்று அவற்றுக்கு வழிவிட்டாய். அருகிலிருந்த வயல் எங்களுடையது. அதில்தான் இறங்கின.

ஆறாம் வகுப்புக்கு என்னைத் தஞ்சாவூரில் சேர்த்துவிட்டார்கள். நீ ஊரிலேயே படித்து, பாதியில் நின்று, நடவு நட்டு, கல்யாணம் செய்து, பிறகு பஞ்சாயத்து வார்டு உறுப்பினராகவும் ஆனாய் என்று கேள்விப்பட்டேன். நீ காட்டிக்கொடுத்தவள் என்று சொன்னவர்களே உனக்கு ஓட்டுப் போட்டார்கள். அதற்கு நீ எத்தனை வருடம் அவர்கள் நடுவில் தலை நிமிர்ந்து நடந்திருக்க வேண்டும்!

இரண்டு வருடத்துக்கு முன் தஞ்சாவூர் பேருந்து நிலையத்தில் உன்னைப் பார்த்தேன். கையில் ஸ்கேன் எடுத்த பெரிய கவர். என்னை நீதான் அடையாளம் கண்டுகொண்டாய். "நல்லாயிருக்கீங்களா? ஹெச்செம் ஆயிட்டீங்களாமே" என்றாய். "நீ"தான் வரும் என்று ஏனோ எதிர்பார்த்தேன். உனக்கு உடம்புக்கு என்ன என்று கேட்பதற்கு முன்பே என் வாயில் அது வந்துவிட்டது: "அந்தத் தவளை மனு..."

நீ சிரித்தாய். "ஸ்டேஷன்ல எங்கப்பாகிட்ட அந்தப் பேப்பரக் காட்டுனாங்களாம். அதுக்குப் படிக்கத் தெரியாது. ஆனா அடியில ஒரு துண்டு கிழிச்சிருக்குன்னு சொல்லுச்சு. எனக்கு அப்பவே தெரியும்ங்க."

"அப்புறம் ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா என்னாவும்? எங்க தெரு ஆளுங்க உங்க வீட்டு வாசல்ல வந்து நிப்பாங்க. திரும்பப் போலீசு. எங்கப்பாவத்தான் திரும்பக் கூட்டிட்டுப் போவாங்க."

உன் பேருந்து வந்துவிட்டது. "வரேங்க" என்று சொல்லி ஏறிவிட்டாய். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. நீயும் மன்னித்ததாகச் சொல்லவில்லை. அடுத்த முறை பார்க்கலாம், அப்போது சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டு என் பேருந்தைப் பார்க்கப் போனேன். அடுத்த முறை என்று ஒன்று வரவேயில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் உன் மகளைப் பார்த்தேன். லேப் டெக்னீஷியனாக இருக்கிறாளாம். உன்னைப் போலவே ஆளை நேராகப் பார்க்கிறாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அம்மா இதெல்லாம் எங்கிட்ட சொன்னதே இல்லையே."

"சொல்லியிருக்காது. அதான் நான் சொல்லலாம்னு..."

"தாத்தா இல்ல. அம்மாவும் இல்ல. இப்ப சொல்றீங்க. இது எங்களுக்காகவா, உங்களுக்காகவா?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். டீ கொடுத்தாள், குடித்தேன். புறப்படும்போது வாசல்வரை வந்து, "டீச்சர், எங்கிட்ட சொன்னது சரி. எங்கம்மாவ அப்படிப் பேசுனவங்கள்ல பாதிப் பேரு இன்னும் இந்தத் தெருவுலதான் இருக்காங்க" என்று மட்டும் சொன்னாள். நான் அந்தத் தெருவைப் பார்த்தேன். இரண்டு கிழவிகள் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டி வேகமாக நடந்து பேருந்தைப் பிடித்தேன்.

அதுதான் இப்போது என்னிடம் இருப்பது. உன் மகள் காட்டிய தெருவும், அதில் நான் நிற்காமல் நடந்துவந்ததும். வரும் ஞாயிறு மறுபடியும் போகிறேன். அதற்கு முன், நாளைக் காலைக் கூட்டத்தில் பிள்ளைகளிடம் மீதிக் கதையைச் சொல்ல வேண்டும். மனு எழுதியவளை அவர்களுக்குத் தெரியும். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தவளையும், அதற்காக ஊர் முழுக்கப் பேச்சு வாங்கியவளையும் தெரியாது. அவர்கள் கைதட்டமாட்டார்கள். அந்த அமைதியில் நிற்க என்னால் முடிந்தால், கீழத்தெருவிலும் நின்றுவிடுவேன்.