நடுவில் ஆள் இல்லாத பதினேழு நாள்

திருத்தங்கல்
20-4-1967

பிரியமுள்ள மாமாவுக்கு ராமுத்தாய் எழுதுவது. நானும் பாப்பாவும் சுகம். உங்கள் சுகம் தெரியத் தபால்காரர் வருகிற வழியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பட்டாசுக் கம்பெனியில் குருவம்மாள் மதினி கேட்கிறாள்: "எகிப்துக்காரனும் இஸ்ரேல்காரனும் சண்டைய நிறுத்திப் பத்து வருசமாச்சாம்ல? பொறவு ஒன் வீட்டுக்காரருக்கு அங்கன என்ன வேலை?" நீங்களே எழுதுங்கள். சாத்தூர் தீப்பெட்டிக் கம்பெனியில் லாரி ஓட்ட ஆள் தேடுகிறார்கள். வந்துவிடுங்கள்.

உங்கள் ராமுத்தாய்

காசா
6-5-1967

அன்புள்ள ராமுத்தாய்,

மதினி கேட்டது நியாயம்தான். எகிப்தின் கையிலிருக்கும் காசாவுக்கும் இஸ்ரேலுக்கும் எல்லை என்று இங்கே ஒரு பள்ளம் வெட்டியிருக்கிறது, அவ்வளவே. போன வாரம் யூசுப் என்ற தோட்டக்காரரின் ஆடு அதைத் தாண்டிவிட்டது. பின்னாலேயே அவரும் ஓடினார். அந்தப் பக்கம் துப்பாக்கி உயர்ந்தது. ஐ.நா. கொடி கட்டிய ஜீப்பை அவருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். துப்பாக்கி இறங்கியது. ஆடும் திரும்பிவிட்டது. என் வேலை அம்புட்டுத்தான்.

சண்டை வேண்டாம் என்று இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் ஒருவரை ஒருவர் நம்பவில்லை. ஐ.நா. அனுப்பிய நம் பட்டாளம் நடுவில் நிற்பதை நம்புகிறார்கள்.

பாப்பாவுக்கு முத்தம்.
சங்கிலிமுத்து

காசா
19-5-1967

ராமுத்தாய்,

எங்களைப் போகச் சொல்லிவிட்டது எகிப்து. இன்று கொடியை இறக்கினோம். கப்பல் வரும்வரை முகாமில் இருப்போம். யூசுப்பின் மனைவி ஒரு கூடை பழம் கொடுத்தனுப்பியிருந்தாள். கூடையைக் கொண்டுவந்த யூசுப் அரைகுறை இங்கிலீஷில் கேட்டார்: "நாளைக்கு என் ஆடு தாண்டினால்?" வண்டியைக் கிளப்பிவிட்டேன்.

சங்கிலிமுத்து

திருத்தங்கல்
29-5-1967

மாமா, நீங்கள் வருகிறீர்கள் என்றதும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. யூசுப்பைப் பற்றி எழுதியதைச் சரியாகக்கூடப் படிக்கவில்லை. அவர்கள் விவகாரம் அவர்களுக்கு. நீங்கள் கப்பலேறினால் போதும்.

ராமுத்தாய்

திருத்தங்கல்
8-6-1967

மாமா, சண்டை மூண்டுவிட்டதாம். நம் ஆட்களும் செத்திருக்கிறார்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள். பேர் சொல்லவில்லை. கம்பெனியில் வெடி கொளுத்திப் பார்க்கிற சத்தம் கேட்டால்கூட வேலையைப் போட்டுவிட்டு எழுந்துவிடுகிறேன். ஒரே ஒரு வரி போடுங்கள்.

ராமுத்தாய்

ராணுவ ஆஸ்பத்திரி
16-6-1967

அன்புள்ள ராமுத்தாய்,

எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பயப்படாதே. இடது கையால் எழுதுகிறேன். வலது கை தேறிவிடும் என்கிறார் டாக்டர். ஐந்தாம் தேதி முகாமில் குண்டு விழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கூட்டாளி லட்சுமிகாந்தம் போய்விட்டான்.

யூசுப்பின் தோட்டம் வழியாகத்தான் என்னைத் தூக்கிவந்தார்கள். மரங்கள் கரிந்து கிடந்தன. வீடு திறந்தே கிடந்தது. ஆளில்லை. பத்து வருஷம் நின்ற அமைதி, நாங்கள் விலகிய பிறகு பதினேழு நாள்தான் தாங்கியது.

பம்பாய்க்கு அனுப்புகிறார்கள். அங்கே எழுது.

சங்கிலிமுத்து

திருத்தங்கல்
5-7-1967

என் மாமாவுக்கு,

நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள். கடிதத்தைப் பாப்பாவுக்கு உரக்கப் படித்துக்காட்டினேன், பாதிக்குமேல் முடியவில்லை. அவர்கள் விவகாரம் அவர்களுக்கு என்று நான் எழுதிய காகிதம் உங்கள் கைக்கு வந்திருந்தால் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் உங்கள் பேருக்கு அர்ச்சனை. அவர்களுக்கும் சேர்த்துச் செய்யலாம் என்றிருக்கிறேன். பூசாரி பேர் கேட்பார். யூசுப்பின் மனைவி பேரென்ன மாமா?

ராமுத்தாய்