சூடு கடக்காத இடம்

2013 செப்டம்பர் 12

இன்றும் வரைபடத்தில் அதே படிபோன்ற இறக்கம். கணினிக்குள் ஒரு தங்கச் சுவர், அதன் மேல் நீர். மொத்தமே சில ஆயிரம் மூலக்கூறுகள்தான். சுவரைச் சூடாக்கினால் வெப்பநிலைக் கோடு சீராக இறங்கி வந்து, நீரைத் தொடும் இடத்தில் சட்டென்று விழுகிறது. இரண்டும் ஒட்டித்தான் இருக்கின்றன. நடுவில் எதுவும் இல்லை. பிறகு சூட்டை மறிப்பது யார்?

நிரலில் பிழை என்று நினைத்து என் ஆய்வு வழிகாட்டி சத்தியபாய் மேடத்திடம் காட்டினேன். பிழையில்லை, அந்த விழுதலைத்தான் நீ அளக்க வேண்டும் என்றார். சுவர் நீரை இறுகப் பிடிக்காவிட்டால் விழுதல் இன்னும் பெரிதாகுமாம்.

செப்டம்பர் 20

குளிக்க வெந்நீர். வலது கைக்குச் சுட்டது. இடது கையில், சுண்டுவிரல் பக்கம் மட்டும் ஆறிப்போயிருந்தது. ஒரே வாளி.

அக்டோபர் 7

ஜெபமாலை பவனி. மெழுகுதிரியோடு குருசடிச் சிற்றாலயம் வரை நடந்தோம். கடற்காற்றில் என் திரியின் காகிதக் கூம்பு பறந்துவிட்டது. கொஞ்ச தூரம் போனதும் தோழி அபினா என் முழங்கையை இடித்தாள்.

"ஏட்டி, கையில மெழுகு ஊத்துது. சுடல்லியா? புனிதை ஆயிட்டியா நீ?"

இடது புறங்கையில் வழிந்து, சுண்டுவிரல் வரை உறைந்திருந்தது. பிய்த்தேன். அடியில், நெடுநாளாக ஒரு தேமல் இருக்கும் இடத்தில், தோல் சிவந்து கொப்பளித்திருந்தது. வலி இல்லை. வேறு யாருடைய கையையோ உரிப்பதுபோல் இருந்தது.

அக்டோபர் 9

அம்மாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். தொடவில்லை.

அக்காவுக்கு ஜனவரியில் கல்யாணம். அதற்குமுன் மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பாக ஓலை வாசிப்பார்கள். தடை ஏதும் தெரிந்தால் சொல்லலாம் என்று ஃபாதர் கேட்பார். யாராவது எழுந்து என் கையைச் சொல்லிவிட்டால்?

"கல்யாணம் கழியட்டு மக்கா. அதுவரைக்கும் கைய ஷாலுக்குள்ள வச்சிக்க" என்றாள் அம்மா.

ஜனவரிவரை இந்தக் கை இருக்குமா? யாருட்ட கேக்க?

அக்டோபர் 21

அம்மாவுக்குச் சொல்லாமல் நாகர்கோவில் போனேன். தோல் மருத்துவர் ராகேல். ஒரு கண்ணாடிக் குழாயில் வெந்நீர், இன்னொன்றில் குளிர்ந்த நீர். கண்ணை மூடச் சொன்னார். "தொடும்போ சூடா, தணுப்பான்னு சொல்லணும்."

காத்திருந்தேன். ஃபேன் சத்தம் மட்டும். அவர் தொடவே இல்லை. எப்போது தொடுவீர்கள் என்று கேட்டபடியே கண்ணைத் திறந்தேன்.

குழாய் என் கைமேல் இருந்தது. ஆவி வந்துகொண்டிருந்தது.

தொழுநோய். தொடக்கம்தானாம். மாத்திரை தொடங்கினால் யாருக்கும் பரவாது. விரல் மடங்காமல் காப்பாற்றலாம். ஆனால் உணர்வு திரும்பும் என்று உறுதி சொல்லமாட்டேன் என்றார். இன்றே தொடங்கிவிட்டேன்.

அக்டோபர் 22

வீட்டில் சொல்லிவிட்டேன். பரவாது என்பதையும் சொன்னேன். இன்று முதல் என் சாயாவை அம்மா ஜன்னல்படியில் வைத்துவிட்டுப் போகிறாள்.

நவம்பர் 4

அக்கா பிரிஜா, மாப்பிள்ளை ஜெஃப்ரினிடம் தானே சொல்லிவிட்டாள். என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"ஒழுங்கா மருந்து தின்னுதாளான்னு கேட்டாரு. வேற என்னட்டி கேக்கணும்?"

நவம்பர் 19

சாயா ஜன்னல்படியில்.

டிசம்பர் 29

மூன்றாம் ஓலை. தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார் ஃபாதர். என் இடப்பக்கம் அம்மா. நான் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் எழவில்லை.

திரும்பி வரும்போது பிரிஜா மெல்லச் சொன்னாள்.

"வாசிச்சு முடியுறது வரைக்கும் அம்மா உனக்க சுண்டுவிரல விடவே இல்ல, கண்டியா?"

நான் காணவில்லை.