சுவர் ஏறிய குழாய்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், சமையலறைக் குழாயும் நேற்றிலிருந்து சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று கேட்டால் போனில் “சரிம்மா, சரிம்மா” என்றே என் வாயை அடைத்துவிடுகிறாய், அதனால்தான் இதை எழுதுகிறேன். காகிதத்திடம் உன் சரிம்மா செல்லாது.

நீ எழுதிய இரண்டு பக்கத்தையும் படித்தேன். நீங்கள் நாலு பேர் சேர்ந்து மரச்சட்டத்தில் கட்டிய தண்ணீர்த் தொட்டி, இருபது லிட்டரைத் தாங்கிப் பத்து நிமிஷம் நிற்க வேண்டியது, மூன்றாம் நிமிஷமே மண்டியிட்டு உங்கள் பேராசிரியரின் காலணிக்குள் இறங்கிவிட்டது என்ற இடத்தில் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே. அப்பாவுக்கும் படித்துக் காட்டினேன், “காலணி எத்தனை லிட்டர் பிடிச்சுதாம்?” என்று கேட்டார். அதற்கு அப்புறம் நீ எழுதியதில்தான் சிரிப்பு வரவில்லை. உன்கூடக் கட்டியவர்களில் ஒருவன் சோம்பேறியாம், ஒருவன் தூங்குமூஞ்சியாம், அந்தப் பெண் ஓயாத நச்சரிப்பாம், ஆகையால் வியாழக்கிழமை மறுசோதனைக்கு நான் தனியாகவே கட்டுகிறேன் என்று பேராசிரியரிடம் கேட்கப் போகிறாயாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இதற்கு நடுவில் ஒரே ஒரு வரி, “ஒரு கால் ஆடுது, குறுக்கே இன்னொரு சட்டம் வைக்கலாம்னு அவ சொன்னா, கணக்கு சரியா இருக்கு, நீ தண்ணிய ஊத்துன்னேன்” என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். அந்த வரியை மட்டும் மூன்று தரம் படித்தேன்.

இந்தக் குணம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று நான் ஊரெல்லாம் தேட வேண்டியதில்லை. போன வாரம் உன் அப்பா மாடித் தொட்டியிலிருந்து சமையலறைக்குப் புதுக் குழாய் போட்டார். சைக்கிள் கடை வைத்திருப்பவருக்கு இதெல்லாம் ஒரு வேலையா, ஆளே கூப்பிடவில்லை. நடுவில் கைப்பிடிச்சுவர் வந்தது, ஓட்டை போட்டால் அசிங்கம் என்று குழாயைச் சுவர்மேல் ஏற்றி அந்தப் பக்கம் இறக்கினார். நான் “ஏங்க, அந்தச் சுவரு...” என்று ஆரம்பித்தேன், “உனக்கென்ன தெரியும், போய் துணிய மடி” என்றார். சரி என்று போய் மடித்தேன். காலையில் கொட்டோ கொட்டென்று கொட்டிய தண்ணீர் மாலையில் நான் பாத்திரம் கழுவும்போது நின்றுவிட்டது. அடைப்பு என்று கழற்றி ஊதினார். மறுநாளும் நின்றது, புதுக் குழாய்முனை வாங்கி மாட்டினார். மூன்றாம் நாள் அதை விற்றவனைப் பிடித்துத் திட்டினார்.

துணி காயப்போடப் போன முதல் நாளே நான் பார்த்துவிட்டேன் கண்ணா. தொட்டி நிறைய இருந்தால் தண்ணீர் வரும், பாதிக்கு இறங்கி அந்தச் சுவரின் உயரத்துக்குக் கீழே போனதும் மேட்டு இணைப்பில் காற்றுப் புகுந்து நின்றுவிடும், ஏறிக் குதிக்க அதற்கென்ன கால் இருக்கிறதா? சொன்னேனா என்றால் சொல்லவில்லை. மூன்று நாள் மாடியிலிருந்து வாளியில் சுமந்தேன், இடுப்பு விட்டுப்போயிற்று, ஆனாலும் நல்லா படட்டும் என்று உள்ளுக்குள் ஒரே குஷி. நாலாம் நாள் மாடிப்படியில் வாளியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, “உனக்குத் தெரியும்தானே?” என்று கேட்டார். தெரியும் என்றேன். ஏன் சொல்லவில்லை என்றார். நீங்க கேட்டீங்களா என்றேன். மனிதர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். நேற்று நான் அளந்து சுண்ணாம்புக்கட்டியால் குறி போட, அவர் சுவரில் துளை போட்டார். இப்போது தொட்டி காலியாகிற வரைக்கும் தண்ணீர் வருகிறது.

ஆனால் ராத்திரி எனக்குப் பயமாக இருந்தது. இந்த வீட்டில் தெரிந்ததைச் சொல்வதை நான் எப்போது நிறுத்தினேன் என்று யோசித்துப் பார்த்தேன், நினைவே வரவில்லை. அப்பாவுக்கும் தெரியவில்லை. சண்டை போட்டுக்கூட நிறுத்தவில்லை, தானாக நின்றிருக்கிறது. அந்தப் பெண் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அதைத்தான் நீ நச்சரிப்பு என்கிறாய். இன்னும் இரண்டு தரம் வாயடைத்தால் அவளும் துணி மடிக்கப் போய்விடுவாள், ஆடுகிற காலைப் பார்த்துக்கொண்டே சும்மா தண்ணீர் ஊற்றுவாள். நாளைக்கு நீ கட்டப்போகிற நிஜத் தொட்டிக்குக் கீழே ஜனங்கள் நடப்பார்கள் கண்ணா. தனியாகக் கட்டுகிறேன் என்று யாரிடமும் போய் நிற்காதே. அவளிடம் போய், எந்தக் கால் ஆடியது, வேறென்ன பார்த்தாய் என்று கேள். அந்தத் தூங்குமூஞ்சியையும் எழுப்பிக் கேள், அவனை நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கவே மாட்டாய், எனக்குத் தெரியாதா.

நல்ல புத்தியும் நீண்ட ஆயுளுமாக இரு. வெயிலில் தொப்பி போட்டுக்கொள், சொன்னால் கேட்க மாட்டாய், ஆனாலும் நான் சொல்லிக்கொண்டேதான் இருப்பேன். வியாழக்கிழமை தொட்டி நின்றால் சந்தோஷம், விழுந்தாலும் போகட்டும், நாலு பேருமாகச் சேர்ந்து நனையுங்கள்.

என்றும் அன்புடன்,
உன் அம்மா