கீறல் விழுந்த பத்து நிமிடம்

அன்புள்ள சுருட்டைக்கு,

நெட்டை எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் தலையில் சுருள ஒரு முடிகூட மிச்சமில்லை என்பதைப் போட்டோவில் பார்த்தேன். ஆனாலும் பெயரை மாற்ற மனம் வரவில்லை. போனில் எழுதினால் ஒரு சிரிக்கிற பொம்மையை அனுப்பிவிட்டு நழுவிவிடுவாய். அதனால்தான் கடிதம். இன்னும் மூன்று வருஷம் அந்த வெளிநாட்டு வேலையிலேயே இருக்க மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்றாயே, அந்த விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

நீ போனபின் லிஃப்ட் ரிப்பேருக்கு எனக்கு ஜோடியாக வேறொருவரைப் போட்டிருக்கிறார்கள். நல்ல மனிதர்தான், குறை சொல்லக் கூடாது. ஆனால் லிஃப்ட் கூண்டின் தலையில் நின்றுகொண்டு நான் "இறக்கு" என்று கத்தினால், மோட்டார் அறையிலிருந்து "எவ்வளவு?" என்று கேட்கிறார். பதினாலு வருஷத்தில் நீ ஒரு நாளாவது அப்படிக் கேட்டிருப்பாயா? நான் தொண்டையைக் கனைத்தாலே நிறுத்திவிடுவாய்.

உன் அறைக்குப் புதிதாக வந்திருக்கும் பெயின்டருக்கு பதினாலு வருஷமாக நாம் சேர்ந்து பார்த்துச் சிரிக்கிற அந்தக் காமெடிப் படத்தைப் போனில் போட்டுக் காட்டியதாகச் சொன்னாய். அவர் உருண்டு உருண்டு சிரித்தாராம். இப்போது என் வசனத்தையெல்லாம் அவர்தான் பேசுகிறாராம். ரொம்ப சந்தோஷம். எனக்கு வயிறு எரிந்தது, இதில் மறைக்க என்ன இருக்கிறது? இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. என் வீட்டுக்காரி "என்ன, சக்களத்தி வந்துட்டாளா?" என்று கேட்டுவிட்டு, அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். ஐம்பதை எட்டப்போகிற ஆம்பளை இதற்கெல்லாம் பொருமலாமா என்று எனக்கே வெட்கம்தான். ஆனாலும் கல்யாணக் கட்டிலை வேனில் ஏற்றிக்கொண்டு தப்பான ஊருக்குப் போகிற அந்த இரண்டு தடியன்களும் நாம்தானே? அந்த வேனில் மூன்றாவது ஆளுக்கு ஏது இடம்?

ஞாயிற்றுக்கிழமை மதியம் நீ விட்டுப்போன டிஸ்க்கை எடுத்துப் போட்டேன். பின்னால் கட்டிலில் தூங்குகிறவனைத் தட்டி எழுப்பிப் போலீஸ்காரர் லைசென்ஸ் கேட்கிற இடம் வந்தது. டிரைவர் வசனம் உனக்கு, தூங்குமூஞ்சி வசனம் எனக்கு. நீ இல்லாததால் இரண்டையும் நானே பேசினேன். சிரிப்பு வரவில்லை.

அதற்கு அடுத்து நீ ரிமோட்டை எடுத்து, "இங்க கீறல்டா, ஓடாது" என்று பத்து நிமிடம் தாண்டுவாயே, அந்த இடம். அன்றைக்கு ரிமோட் என் வீட்டுக்காரி கையில். அவளுக்குக் கீறல் கதை தெரியாது. படம் பாட்டுக்கு ஓடியது. ஒரு சின்ன நடுக்கம்கூட இல்லை.

டிரைவருக்கு வேறு ஊரில் வேலை கிடைக்கிறது. போகட்டுமா என்று கேட்கிறான். தூங்குமூஞ்சி வேன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு, "போய்த் தொலைடா, நான் நிம்மதியா இருப்பேன்" என்கிறான். அவன் போனபின் அந்தக் கட்டிலில் தனியாக உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொள்கிறான்.

விமான நிலையத்தில் உன் பெட்டிக் கயிற்றை இறுக்கிக்கொண்டே நான் சொன்னதும் அதேதானே? அப்படி ஒரு வசனம் இருப்பதே தெரியாமல் சொன்னேனடா. நீ என்னை ஒரு மாதிரி பார்த்துச் சிரித்தாய். பிறகு அந்தப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினாய். ஜலதோஷம் என்று நினைத்தேன்.

ஆக, நீ முன்பே தனியாகப் பார்த்திருக்கிறாய். அழுகிற மூஞ்சியை என்னிடம் காட்ட வெட்கப்பட்டு, பதினாலு வருஷம் ஒரே பொய்யைச் சொல்லியிருக்கிறாய். அது போகட்டும். போனில் கீறல் ஏது? பெயின்டர் அந்தப் பத்து நிமிடத்தையும் பார்த்திருப்பாரே? உன் மூஞ்சியையும் பார்த்தாரா? எனக்குக் காட்டாததை நேற்று வந்தவருக்குக் காட்டிவிட்டாயா? உண்மையை எழுது. கோபப்படுவேன், பரவாயில்லை.

உன் வீட்டில் தங்கச்சியும் பிள்ளைகளும் சௌக்கியம். சமையலறைக் குழாய் ஒழுகியது, போய்ச் சரிசெய்துவிட்டு வந்தேன். நீ உடம்பைப் பார்த்துக்கொள். பெயின்டருக்கு என் வணக்கம்; மறந்துவிட்டாலும் ஒன்றும் தப்பில்லை.

கையெழுத்து விஷயம். போன மாதம் நீ கேட்டபோது, "தாராளமா இருடா, இங்க என்ன கெட்டுப்போச்சு" என்றேன் அல்லவா? அந்த இடத்தில் கீறல் என்று வைத்துக்கொள். தாண்டிவிடு.

உன்
நெட்டை